முன்பல் இரண்டு போனதோடு சரியா?

கேள்வி: சாம்பல்தீவுப் பக்கம், நிலாவெளி வீதியில் என் மகன் (19) ஓடிய மோட்டார் சைக்கிளில் ஹோட்டல் வேன் ஒன்று மோதிவிட்டது. மகனுக்குக் கால் முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். பின்னால் மகளும் (15) இருந்தாள். முன்பல் இரண்டு போனதோடு சரி, அவளுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வேன்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் தருகிறேன், வழக்கு வேண்டாம் என்கிறார். மகனுக்கு லைசன்ஸ் இல்லை. லைசன்ஸ் உள்ள தன் மகன் ஓடியதாகவும் என் மகன் பின்னால் இருந்ததாகவும் சொன்னால் காப்புறுதியில் கூட எடுக்கலாம் என்கிறார் மச்சான். பைக்கும் நொறுங்கிவிட்டது, மகனுக்கு வேறு எடுக்க வேண்டும். என்ன செய்யலாம்?
- ஒரு தகப்பன், திருகோணமலை

பதில்: ஐயா, மகனின் காலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், பைக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மகளுக்குக் கிடைத்தது அரை வரி. அந்த அரை வரியை நான் விடுவதாக இல்லை.

பதினைந்து வயதில் போன முன்பல் இனி முளைக்காது. தாடை வளர்ந்து முடியும்வரை நிலையான பல் வைக்கப் பல் வைத்தியர்கள் பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார்கள். அதுவரை கழற்றி மாட்டும் பல், பிறகு நிலையானது, வருடங்கள் போக அதையும் மாற்றும் செலவு. அதற்கிடையில் அந்தப் பிள்ளை வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கும். இதைத்தான் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறீர்கள். பல் போகும் அளவுக்கு முகத்தில் அடி விழுந்திருக்கிறதே, அவளுடைய தாடையையும் தலையையும் யாராவது பார்த்தார்களா? மகனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு அவளை நிற்க வைத்திருப்பீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்படி எத்தனையோ வீட்டுக் கடிதங்களைப் படித்துவிட்டேன்.

மச்சானின் யோசனையை ஒருதரம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். கீறல்கூட இல்லாத அவர் மகன் ஓடினானாம், கால் முறிந்தவன் பின்னால் இருந்தானாம். அப்படியென்றால் மகள் எங்கே இருந்தாள்? ஒரு பைக்கில் மூன்று பேர் என்று சொல்வீர்களா, அல்லது அவள் அதில் வரவேயில்லை என்பீர்களா? அந்தக் கதையில் உங்கள் பெண்ணுக்கு இடமே இல்லை. நேரில் கண்ட சாட்சியான அவளையே நீதிமன்றத்தில் பொய் சொல்ல வைப்பீர்கள். பொய் பிடிபட்டால் மகனின் நட்டஈடும் போய், உங்கள் மேலும் மச்சான் மேலும் வழக்கு வரும். வேண்டாம் என்று இன்றே அவரிடம் சொல்லுங்கள்.

லைசன்ஸ் இல்லாமல் ஓடியது குற்றம்; அதற்கான தண்டத்தை மகன் கட்டட்டும். ஆனால் லைசன்ஸ் இல்லை என்பதற்காக மட்டும் வேன்காரரின் கவனயீனம் இல்லாமல் போய்விடாது. மகன் பக்கமும் பிழை உண்டென்று நீதிமன்றம் கண்டால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அவனுக்குரிய தொகை அந்த அளவுக்குக் குறையும். மகள் ஓடவில்லை. அண்ணனின் பிழை அவள் கணக்கில் ஏறாது. அவளுடைய கோரிக்கை தனி. வேனால் பிறருக்கு வரும் காயத்துக்கான மூன்றாம் தரப்புக் காப்புறுதி அவளுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவள் ஹெல்மெட் போட்டிருந்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. பின்னால் இருப்பவரும் போட வேண்டும் என்பது சட்டம். எதிர்த்தரப்பு அதைக் கட்டாயம் கேட்கும், உள்ளதையே சொல்லுங்கள்.

ஒன்றரை லட்சத்துக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். "எல்லாவற்றுக்கும் சேர்த்து" என்று அவர் சொல்வதில் மகளின் பல்லும் அடங்கும். வழக்குப் போட்ட பிறகு பிள்ளையின் பெயரில் சமாதானம் செய்வதென்றால், பெற்ற தகப்பனுக்குக்கூட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பிள்ளையின் உரிமையைப் பெரியவர்கள் அவசரத்தில் விற்றுவிடுவார்கள் என்று சட்டத்துக்குத் தெரியும்.

முதலில் மகளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பல் வைத்தியரும் சட்ட வைத்திய அதிகாரியும் அவளைப் பார்த்து, காயம் எழுத்தில் பதிவாக வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டில் அவளுடைய வாக்குமூலமும் இருக்க வேண்டும்; தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், வாசித்துப் பார்க்காமல் அவள் கையெழுத்து வைக்கக்கூடாது. வேனின் இலக்கத்தையும் காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மருந்துச் சிட்டை, பற்றுச்சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட பொதுவாக விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் அவகாசம். போட்டால் அதற்கு முன்போ, போட்ட ஏழு நாளுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் போக வேண்டும். இது தவறிப்போய், தீர்ப்பு வந்தும் பணம் வராமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகத்தான் அது இருக்கிறது.

மகளுக்கென்று வரும் பணம் அவள் பெயரிலேயே கிடக்கட்டும். மகனுக்கு அடுத்த பைக் என்ற பேச்சை அவன் லைசன்ஸ் எடுத்த பிறகு, அவன் உழைத்த காசில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய பல் வேலை முடியும்வரை அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவே வேண்டாம்.