முகம் உப்புகிறது... ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் வயது 46. முடக்குவாதத்துக்காக இரண்டு மாதங்களாகத் தினமும் 10 மி.கி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். மூட்டு வீக்கமும் வலியும் நன்றாகவே குறைந்துவிட்டன. ஆனால், முகம் உப்பிவிட்டது. இரவில் தூக்கமும் வருவதில்லை. மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடலாமா?

பதில்: இன்றோடு நிறுத்தவே கூடாது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், உடலின் இயற்கையான ஸ்டீராய்டான கார்டிசால் ஹார்மோனைத் தினமும் சுரக்கின்றன. அது ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசலோனுக்குச் சமம். நீங்கள் அதைப்போல் இரு மடங்கை வெளியிலிருந்து கொடுத்துவருகிறீர்கள். மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் இப்படிக் கொடுத்தால், சுரப்பிகள் தம் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அவை உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல் வரும்; ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடங்கிய மூட்டு வீக்கமும் திரும்பிவிடும்.

உங்கள் மருத்துவர், முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தையும் தந்திருக்கிறாரா என்று எழுதவில்லை. அது வேலை செய்யத் தொடங்கவே 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் பெரும்பாலும் ஸ்டீராய்டு. அந்த மருந்து பிடித்த பிறகு, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்பார். 5 மி.கி.க்குக் கீழே வரும்போது இன்னும் நிதானமாகக் குறைக்க வேண்டியிருக்கும். அவசரப்படாதீர்கள்.

அளவு குறையக் குறைய முகத்தின் உப்பலும் வடியும். தூக்கத்துக்கு ஓர் எளிய வழி: மாத்திரையைக் காலை உணவுக்குப் பிறகு ஒரே வேளையாகச் சாப்பிடுங்கள். மாலையில் சாப்பிட்டால் தூக்கம் கெடும்.

ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். அதைப் பரிசோதிப்பதில் பலரும் ஏமாறுவது, வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பதால்தான். காலையில் சாப்பிடும் ஸ்டீராய்டு, மதியத்துக்குமேல்தான் சர்க்கரையை ஏற்றும். அதனால் மதிய உணவுக்குப் பிறகும் பாருங்கள். ரத்த அழுத்தத்தையும் கவனியுங்கள். எலும்புத் தேய்மானம் முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடும் என்பதால், கால்சியம், வைட்டமின் டி பற்றி இப்போதே கேட்டுவிடுங்கள். வலிக்கிறதென்று நீங்களாக டைக்ளோஃபினாக் வலி மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அதுவும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றுப்புண், ரத்தக்கசிவு வரலாம்.

என்னைக் கேட்டால், ஸ்டீராய்டுக்குப் பயப்படுகிறவர்களைவிட, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் தாமாகவே வாங்கிச் சாப்பிடுகிறவர்களை நினைத்துத்தான் அதிகக் கவலை.

காய்ச்சல் வந்தாலோ அறுவை சிகிச்சை என்றாலோ, ஸ்டீராய்டு சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஊசியாகப் போட வேண்டியிருக்கும்.