மும்பை ஹை ரிக் வேலை: பாதுகாப்பை யார் பார்க்கிறார்கள்?

உங்கள் தம்பிக்கு ஒப்பந்தக்காரர் மூலம் மும்பை ஹை என்ற அரபிக்கடல் எண்ணெய் வயலில், ரிக்கில் (கடலில் நிற்கும் எண்ணெய்த் துளையிடும் மேடையில்) வேலை, அங்கே பாதுகாப்பை யார் கவனிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். 2008-ல் வந்த கடல்சார் பாதுகாப்பு விதிகளின்படி அது ஓ.ஐ.எஸ்.டி. என்ற எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் பொறுப்பு. அந்த இயக்ககம் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழேயே இருப்பதுதான் எனக்கு உறுத்தல், அங்கே எண்ணெய் எடுக்கும் அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யும் அதே அமைச்சகம்தானே! அமெரிக்காவில் 2010 டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் ரிக் விபத்துக்குப் பிறகு, ஒரே அமைப்பிடம் இருந்த எண்ணெய் வருவாயையும் பாதுகாப்பையும் தனித்தனி அமைப்புகளிடம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இங்கே மும்பை ஹையில் 2005 ஜூலையில், விரலில் காயம்பட்ட ஒரு சமையல்காரரை எண்ணெய் எடுக்கும் மேடைக்கு ஏற்றிவிட வந்த கப்பல், கடலடியிலிருந்து ஏறும் எரிவாயுக் குழாயில் மோதியது. மேடையே எரிந்துபோனது, 22 பேர் பலி.

சரி, தம்பி விஷயம். ஹெலிகாப்டர் கடலில் கவிழ்ந்தால் தப்பிக்கும் பயிற்சிக்கான சான்றிதழ் கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கேட்காத ஒப்பந்தக்காரர் என்றால் அனுப்பாதீர்கள்.