ஆபரேஷனுக்கு முன்னால் ஃப்ரீசரில் என்ன வைக்கலாம்? கேள்வி பதில்

ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சமைக்கும் அடுக்களையில் 19 வருஷம் வேலை பார்த்தவள் நான். ஊருக்கெல்லாம் கஞ்சி வடித்துக் கொடுத்த எனக்கே கர்ப்பப்பை எடுக்க வேண்டி வந்தபோது, வீட்டு ஃப்ரீசரை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் முழித்தேன். அன்று செய்து வைத்ததில் பாதி குப்பைக்குத்தான் போனது. மருந்து, காயம், எந்த நாளில் என்ன சாப்பிட ஆரம்பிக்கலாம் என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். நான் அடுக்களையோடு நின்றுகொள்கிறேன்.

திங்கள்சந்தையிலிருந்து: அக்கா, அடுத்த மாதம் எனக்கும் கர்ப்பப்பை ஆபரேஷன். வீட்டில் அவரும் இரண்டு பிள்ளைகளும். எத்தனை நாளுக்குச் சமைத்து வைக்க வேண்டும்?

பத்து, பன்னிரண்டு நாளுக்குப் போதும் மக்கா. நான் ஒரு மாதத்துக்குச் செய்து வைத்தேன், அதுதான் முட்டாள்தனம். நம் ஊரில் ஆபரேஷன் என்று காதில் விழுந்தாலே மைனி ஒரு தூக்குவாளி, பக்கத்து வீட்டு மாமி ஒரு தூக்குவாளி என்று வந்துவிடும். முதல் வாரம் அந்தக் கறிகளை வைக்கவே இடம் இருக்காது. இரண்டாம் வாரம்தான் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கோ குடம் தூக்கவும் குனியவும் முடியாது. ஃப்ரீசரில் இருப்பது அப்போதுதான் உதவும்.

மூன்று வேளைக்கும் கணக்குப் போடாதீர்கள். காலைக்கு இடியாப்பமோ இட்லியோ கடையில் கிடைக்கும். மத்தியானக் குழம்பும் ராத்திரிக்கு ஒரு கறியும் இருந்தால் வீடு ஓடும். அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நாளில் சமைத்து ஒரே நாளில் உள்ளே தள்ளக் கூடாது. சூடு ஆறாத பத்து டப்பாவை ஒன்றாக அடுக்கினால் ஏற்கெனவே உறைந்திருப்பதும் இளகும். ஒரு நாளைக்கு ஒரு குழம்பு என்று ஒரு வாரத்துக்குப் பிரித்துச் செய்யுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு நாளும் அடுப்புப் பக்கமே போகாதீர்கள்.

குளச்சலிலிருந்து: தேங்காய் அரைத்த மீன்கறியை ஃப்ரீசரில் வைக்கலாமா? வைத்து எடுத்தால் திரிந்த மாதிரி ஆகிவிடுகிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கறிகளில் வரும் பெரிய சிக்கலே இதுதான். வெளியூர்க்காரர்கள் சொல்லும் யோசனைகள் நமக்குச் சரிவராததும் இதனால்தான். நமக்குப் புளிமுளம், அவியல், தொவரன், எரிசேரி எதை எடுத்தாலும் தேங்காய். பச்சைத் தேங்காயை அரைத்துச் சேர்த்த கறி உறைந்து இளகும்போது தண்ணீர் தனி, எண்ணெய் தனி, திப்பி தனியாகப் பிரியும். கெட்டுப்போனதில்லை, சாப்பிடலாம். ஆனால் வாய்க்கு விளங்காது. உடம்பு சரியில்லாதவருக்கு அதைப் பார்த்தாலே பசி போய்விடும்.

அதனால் கறியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மீன் இல்லாமல், தேங்காய் இல்லாமல், புளி, வத்தல்மிளகாய், மல்லி, மஞ்சள், சின்ன உள்ளி, தக்காளி எல்லாம் வதக்கிக் கொதித்துக் கெட்டியான மசாலாவை ஒரு டப்பாவில் வையுங்கள். தேங்காயைத் துருவி, அரைக்காமல், ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவில் சின்னச் சின்னப் பொட்டலமாக வையுங்கள். துருவல் ஃப்ரீசரில் நன்றாகவே நிற்கும். வேண்டிய அன்று துருவலை வெந்நீர் விட்டு மிக்சியில் ஒரு சுற்று, மசாலாவை அடுப்பில் வைத்து இரண்டையும் சேர்த்தால் கறி தயார். கழுவி நறுக்கின மீனையும் தனியாக உறைய வைக்கலாம். சாளையும் அயிலையும் எண்ணெய் மீன். அவற்றில் நாளாக நாளாகச் சிக்கு வாடை ஏறும், பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். விளமீனும் பாறையும் கூடுதல் நாள் தாங்கும். ஆபரேஷன் ஜூனிலோ ஜூலையிலோ என்றால் முன்கூட்டியே வாங்குங்கள். நம் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது, கட்டுமரத்து மீனுக்கு விலை சொல்லி மாளாது.

அதே குளச்சல்காரரிடமிருந்து இன்னொன்று: அப்படியானால் முழுசாகச் செய்து வைக்க நம் ஊர்க் கறி ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறதே, உள்ளித்தீயல்! தேங்காயை வறுக்கும்போதே அதில் இருக்கும் தண்ணீர் போய்விடுகிறது, அதனால் பிரியாது. புளியும் உண்டு. ஃப்ரீசருக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போல இருக்கும்.

நான் செய்யும் விதம் இது. ஒரு தேங்காயைத் துருவி, மல்லி, வத்தல்மிளகாய், கொஞ்சம் நல்லமிளகு (குறுமிளகு), ஒரு கொத்துக் கறிவேப்பிலை சேர்த்து இளந்தீயில் வறுக்க வேண்டும். காப்பிப்பொடி நிறம் வரும் வரை கரண்டியை நிறுத்தக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு இந்த அரை மணி நேரம் நிற்பதுதான் நம்மால் முடியாதது, அதற்காகத்தான் இதை முன்னாலேயே செய்கிறோம். ஆறியதும் தண்ணீர் அதிகம் விடாமல் வெண்ணெய் போல அரைத்து, தேங்காயெண்ணெயில் வதக்கின அரைக் கிலோ சின்ன உள்ளியோடும் புளிக்கரைசலோடும் சேர்த்து, குழம்பாக இல்லாமல் தொக்காக வற்றும் வரை விடுங்கள். பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றின பேசினுக்குள் இறக்கி வைத்து அவ்வப்போது கிண்டினால் சீக்கிரம் ஆறும்.

பிறகு எவர்சில்வர் இட்லித் தட்டில் குழிக்கு ஒரு கரண்டி. அலுமினியம் வேண்டாம், புளி அதை அரிக்கும். ஓட்டை இல்லாத தட்டாகவும் இருக்க வேண்டும். நான் ஓட்டைத் தட்டில் ஊற்றிவிட்டு ஃப்ரீசரைத் துடைத்த கதை தனி. நடுத்தண்டைக் கழற்றிவிட்டால் தட்டு உள்ளே போகும். மறுநாள் தட்டின் அடியில் குழாய்த் தண்ணீரைக் காட்டினால் இட்லி போலக் கழன்று வரும். கவரில் போட்டுக் காற்றை அமுக்கி மூடுங்கள். ஒரு தேங்காய்க்குப் பதினைந்து, பதினாறு வரும். ஒரு ஆளுக்கு இரண்டு. இளக்கவே வேண்டாம், அரை டம்ளர் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் தளதளவென்று கொதித்ததும் இறக்கலாம்.

பூதப்பாண்டியிலிருந்து: எங்களிடம் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்தான். அதன் ஃப்ரீசர் போதுமா?

ஒரு கப் ஐஸ்கிரீம் வாங்கி உள்ளே வையுங்கள். மறுநாள் கரண்டி இறங்காமல் கல்லாக இருந்தால் உங்கள் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மெத்தென்று இருந்தால் மீன், இறைச்சியை ஒரு வாரத்துக்கு மேல் நம்பாதீர்கள். இரண்டு விரல் கனத்துக்கு ஐஸ் படிந்திருந்தால் முதலில் அதை உருக்கிவிட்டு ஆரம்பியுங்கள், இடமும் கிடைக்கும். ஐஸ்கிரீம் பிள்ளைகளுக்கு.

மார்த்தாண்டத்திலிருந்து: மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) வைக்கலாமா?

தாராளமாக. தோல் சீவி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நடு நாரை எடுத்து, ஆறவைத்துத் துண்டாகவே வையுங்கள். மசித்து வைத்தால் பசையாகும். எடுத்ததும் நேராக ஆவியில் வேகவைக்கலாம். ஆனால் உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் ஃப்ரீசர் பக்கமே போகக் கூடாது. முன்னது சொதசொதவென்று ஆகும், பின்னதன் வெள்ளைக்கரு ரப்பராகும். தயிர் சேர்ந்த புளிசேரியும் அப்படித்தான், திரியும்.

வடசேரியிலிருந்து: சம்பா அரிசிக் கஞ்சியை மொத்தமாக வைத்து உறைய வைக்க நினைக்கிறேன்.

கஞ்சியை வேண்டாம். குக்கரில் அரிசி போட ஒரு நிமிஷம், அதற்கு எதற்கு ஃப்ரீசர் இடம்? கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் பயறை அவித்து வையுங்கள். சிறுபயறு, கடலை, பெரும்பயறு எல்லாம் ஊறி வேக நேரம் எடுப்பவை, உறைந்தாலும் ருசி மாறாது. காயம் ஆற வேண்டிய புரதமும் அதில் உண்டு.

சோறாக வைப்பதென்றால் ஒரு எச்சரிக்கை. அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்து கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகப் பானையிலேயே கிடந்தால் முளைத்து விஷத்தை உண்டாக்கும், அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. வடித்த சோற்றை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். பழஞ்சோற்றுக்குப் பழகின வயிறு என்று ஆபரேஷன் முடிந்து வந்தவரிடம் பரீட்சை பார்க்காதீர்கள்.

கருங்கலிலிருந்து: ஃப்ரீசரில் வைத்ததைச் சாப்பிட்டால் காயம் சீழ் பிடிக்கும், மீனும் கத்தரிக்காயும் ஆகாது என்று மாமியார் சொல்கிறார்.

உறைந்த சாப்பாட்டால் சீழ் பிடிக்காது. காயத்தில் கிருமி ஏறினால்தான் பிடிக்கும். மீனும் முட்டையும் சதை கூடுவதற்கு உதவுபவை, டாக்டர் விலக்கச் சொல்லாத வரை சாப்பிடலாம். ஆனால் மாமியாரிடம் இதைச் சொல்லி ஜெயிக்க வேண்டாம். அவர் சொல்லும் பத்தியத்தில் நல்லமிளகு ரசமும் பூண்டுக் குழம்பும் இருக்குமே, அவற்றின் மசாலாவை அவர் கையாலேயே அரைத்து உறைய வையுங்கள். தான் அரைத்தது என்றால் குறை சொல்ல மாட்டார். ஒன்றில் மட்டும் அவர் பேச்சை அப்படியே கேட்கலாம்: சில வலி மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கட்டும், அதற்கு மட்டி வாழைப்பழம் வாங்கித் தருவார். அது ஃப்ரீசருக்கு வேண்டாம், கருத்துப்போகும்.

தோவாளையிலிருந்து: அவருக்குப் பித்தப்பை எடுக்கிறார்கள். சர்க்கரையும் உண்டு.

முதல் சில வாரம் எண்ணெயும் தேங்காயும் குறைவாக வைப்பதுதான் வழக்கம். தீயலை அவருக்குத் தள்ளிவையுங்கள். பருப்பு, பயறு, தோல் நீக்கின கோழி, காய்கறி என்று தாளிக்காமல் வையுங்கள். வெறுங்கஞ்சி சர்க்கரையை ஏற்றும், பயறு கலந்து அளவாகக் கொடுங்கள். குடல் ஆபரேஷன் என்றால் கணக்கே வேறு, நார் கூடாது என்பார்கள். என்ன ஆபரேஷனோ, அதற்கு உணவுப் பட்டியல் கேட்டு வாங்கிய பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.

முட்டத்திலிருந்து: மழைக்காலத்தில் கரண்ட் போனால் எல்லாம் போச்சா?

கதவைத் திறக்காவிட்டால், நிறைந்த ஃப்ரீசர் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதி நான்கு மணி நேரம்தான். இந்தக் கணக்கும் நன்றாகக் குளிரும் ஃப்ரீசருக்குத்தான், பழைய ஒற்றைக் கதவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வையுங்கள், குளிரைப் பிடித்து வைக்கும். நிரம்ப ஊற்றினால் உறையும்போது விரிந்து வெடிக்கும். கறி டப்பாவிலும் இதே மாதிரி ஒரு விரல் இடம் விடுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது எந்தக் கணக்கும் பலிக்கவில்லை. போஸ்டெல்லாம் சாய்ந்து எங்கள் தெருவில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. இருந்த மீனையெல்லாம் முதல் நாளே பொரித்துத் தெருவுக்கே கொடுத்தோம். புயல் அறிவிப்பு வந்தால் உங்கள் ஆபரேஷன் தேதியையும் கையிருப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அருமனையிலிருந்து: அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். நானும் தம்பியும் வெளிநாட்டில். ஒரு மாதம் லீவு முடிந்ததும் அம்மா தனியாகத்தான் இருப்பார்.

உங்கள் அம்மாவுக்கு என்ன கறி என்பதை விட, அந்தக் கறி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். குனிந்து கீழறையில் தேட முடியாது. தினமும் எடுப்பதெல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டு கிலோ பாத்திரம் வேண்டாம், ஒரு நேரத்துக்கு முந்நூறு, நானூறு கிராம் டப்பா. மூடி இறுக்கமாக இருந்தால் வயதான விரலுக்குத் திறக்க வராது, நீங்களே திறந்து மூடிப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் யாரும் யோசிக்காத ஒன்று. வாக்கர் பிடித்து நடப்பவருக்கு இரண்டு கையும் அதில்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போக முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன ஒரு பாட்டி, சூடான கஞ்சிச் சட்டியை வாக்கரின் கம்பியில் சாய்த்துக்கொண்டு நடந்து காலில் கொட்டிக்கொண்டார். அடுக்களையிலேயே, அடுப்புக்குப் பக்கத்தில், கையுள்ள உயரமான நாற்காலி ஒன்றைப் போடுங்கள். அங்கேயே சூடாக்கி அங்கேயே சாப்பிடட்டும். வாக்கரில் ஒரு மஞ்சப்பை கட்டினால் டப்பாவும் மூடி திருகின ஃபிளாஸ்கும் அதில் போகும். அடுத்த நாள் டப்பாவை முந்தின ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் மேல்தட்டுக்கு மாற்றி வைக்கச் சொல்லி தினமும் போனில் நினைவுபடுத்துங்கள். மேடையில் வைத்து இளக்கக் கூடாது, நம் ஊர் வெக்கைக்கு மேல்பாகம் புளிக்கும்போதும் நடுவில் கல்லாக இருக்கும். ஒருமுறை இளகியதை மறுபடி உறைய வைக்கவும் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு அண்ணன்: ஆபரேஷன் மனைவிக்கு. அடுப்பு என் பொறுப்பு. எனக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும்.

கேட்டீர்களே, அதுவே பெரிசு. ஒவ்வொரு டப்பாவிலும் பெயர், தேதி, எத்தனை பேருக்கு, எவ்வளவு தண்ணீர் என்று டேப் ஒட்டி எழுதச் சொல்லுங்கள். உறைந்த பிறகு தீயலும் மீன் மசாலாவும் ஒரே நிறம். என் வீட்டுக்காரர் மீன் மசாலாவைத் தீயல் என்று எனக்குப் பரிமாறினார், பாவம். அப்புறம், ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பாருங்கள். மனைவி முன்னறையில் உட்காரட்டும், வாயைத் திறக்கக் கூடாது. நீங்கள் ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சூடாக்கி, சோறு வைத்து, மேசைக்குக் கொண்டு வர வேண்டும். நடுவில் எங்கெல்லாம் அவரைக் கூப்பிடத் தோன்றுகிறதோ, அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் முதல் வரி: உப்பு, அடுப்புக்கு இடதுபக்கம், பச்சை மூடி.