லாங்போவும் தோள்பட்டையும்: கேள்வி பதில்

கேள்வி (கோவை): அண்ணா, வயது 34, தினமும் ஜிம் போகிறேன். முதல் லாங்போவை (ஆளுயர நீள வில்) 45 பவுண்டு இழுவிசையில் வாங்கினேன். மூன்றாவது வாரமே வில் பிடிக்கும் தோளின் மேல்பக்கம் வலி. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் குத்துகிறது. விடாமல் எய்தால் பழகிவிடுமா?

பதில்: பழகாது, மோசமாகும். முதலில் இரண்டு மூன்று வாரம் வில்லைத் தொடாதீர்கள்.

வில்லில் எழுதியிருக்கும் 45 பவுண்டு பொதுவாக 28 அங்குல இழுப்புக்கான கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 2 முதல் 3 பவுண்டு கூடும். உங்கள் இழுப்பு 30 அங்குலம் என்றால் நீங்கள் இழுப்பது கிட்டத்தட்ட 50 பவுண்டு. பாரம் தாங்காதபோது வில் பிடித்த தோள் காதை நோக்கி ஏறும். அப்போது மேற்கை எலும்பின் தலைக்கும் தோள்பட்டை எலும்பின் முனைக்கும் நடுவே ஓடும் தசைநார் நசுங்கும். ஒவ்வொரு அம்புக்கும் ஒரு நசுக்கல். தசை சில வாரங்களிலேயே பலம் பெற ஆரம்பிக்கும், தசைநாருக்கு மாதக்கணக்கில் ஆகும். ‘கை தாங்குகிறதே’ என்று பவுண்டு ஏற்றுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். ஜிம்மில் நெஞ்சுக்கும் கைக்கும் செய்த பயிற்சி இங்கே அதிகம் உதவாது. வேலை செய்ய வேண்டியவை இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் இருக்கும் முதுகுத் தசைகள்.

குத்தல் அடங்கியதும் ரப்பர் பேண்ட் பயிற்சி. முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். 15 தடவை, மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். அடுத்தது சுவர் புஷ்-அப். கை நீண்ட பிறகும் இன்னும் கொஞ்சம் சுவரைத் தள்ளி, தோள்பட்டை எலும்பு முன்னால் போவதை உணருங்கள். பிறகு 25 பவுண்டு வில். வில்லைத் தூக்கும் முன்பே தோளைக் கீழே இறக்கிவிட்டு, அது ஏறாமல் கையை உயர்த்த வேண்டும். ஒரு நாளைக்கு 30 அம்பு போதும், அதையும் தொடர்ந்து இரண்டு நாள் வேண்டாம். ராத்திரி வலியில் தூக்கம் கலைந்தாலோ கை தோள் உயரத்துக்குத் தூக்க வராவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி (சென்னை): எனக்கு எந்தப் பவுண்டு சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: குறியை நோக்கி வில்லை நேராகப் பிடித்து இழுங்கள். வானத்தைப் பார்த்துத் தூக்கி, உடம்பை முறுக்கித்தான் இழுக்க முடிகிறதா? அந்த வில் உங்களுக்கு அதிகம். முழு இழுப்பில் மூன்று விநாடி நடுங்காமல் நின்றால் சரி. மர வில்லை அதற்கு மேல் இழுத்துப் பிடித்திருக்காதீர்கள், அது மரத்துக்குக் கெடுதல். ஆரம்பத்தில் ஆண்களுக்கு 25–30, பெண்களுக்கு 20–25. ஏற்றினால் ஒரு தடவைக்கு 5 பவுண்டு, நடுவில் சில மாதங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): வில் பிடிக்கும் கையில் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. டென்னிஸ் எல்போ என்கிறார்கள்.

பதில்: வில்லை இறுக்கிப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தால் அதுதான் காரணம். வில்லின் பாரத்தைக் கட்டைவிரலின் அடிமேடு தாங்க வேண்டும். விரல்கள் வில்லைச் சும்மா சுற்றியிருந்தால் போதும். லாங்போவுக்குச் செதுக்கிய கைப்பிடி இல்லாததால் அது நழுவும் என்ற பயத்தில் பலரும் நெரித்துப் பிடிக்கிறார்கள். மெல்லிய தோல் சுற்றினால் அந்தப் பயம் போகும்.

பயிற்சி: முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, 1 கிலோ டம்பெல் பிடியுங்கள். மறு கையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, ஐந்து எண்ணும் வரை மெல்ல இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று. இறக்குவதுதான் மருந்து.

கேள்வி (மதுரை): நாண் இழுக்கும் விரல்கள் மரத்துப்போகின்றன.

பதில்: மரத்த பிறகு ஒரு அம்புகூட விடாதீர்கள், அழுந்துவது நரம்பு. நாண் விரல் நுனியில் இல்லாமல் முதல் மூட்டின் மடிப்பில் உட்கார வேண்டும். நடுவிரல் ஒன்றே பாரம் சுமந்தால் மணிக்கட்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். விரலுக்கும் நாணுக்கும் நடுவே வைக்கும் தடித்த தோல் உறை (finger tab) வாங்குங்கள்.

கேள்வி (திருச்சி): வீட்டில் அம்பு இல்லாமல் தினம் நூறு தடவை இழுத்து விட்டுப் பழகலாமா?

பதில்: கூடவே கூடாது. அம்பில்லாமல் நாணை விட்டால் அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும், மரம் பிளந்து முகத்தில் அடிக்கலாம். இழுத்தால் இழுத்த மாதிரியே மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு ரப்பர் பேண்டே போதும்.

கேள்வி (லண்டன்): 25, 30 என்றே சொல்கிறீர்கள். மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த வில்கள் 100 பவுண்டுக்கு மேலாமே? அந்தக் காலத்து மனிதர்கள் இழுத்தார்களே?

பதில்: இழுத்தார்கள். 1545-ல் போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கிய இங்கிலாந்துப் போர்க்கப்பல் அது, 1982-ல் மேலே கொண்டுவந்தார்கள். முழுதாகக் கிடைத்த லாங்போக்கள் 137. மதிப்பீடு 100 முதல் 185 பவுண்டு வரை. ஆனால் அவர்கள் பின்னணியையும் பாருங்கள். இங்கிலாந்தில் ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் வில் பழக வேண்டும் என்று மூன்றாம் எட்வர்ட் 1363-லேயே ஆணையிட்டிருந்தார். சிறுவயதில் சிறு வில், வயது ஏற ஏறப் பெரிய வில் என்று வளர்ந்தவர்கள். அப்படியும் உடம்பு விலை கொடுத்தது. தோள்பட்டை எலும்பின் முனை இருபதுகளுக்குள் மீதி எலும்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கப்பலில் இறந்தவர்களிடம் அது ஒட்டாமலே இருந்தது வழக்கத்தைவிட அதிகம்.

கேள்வி (டொரன்டோ): 185 மிகை. நானூறு வருஷத்துக்கு மேல் கடலில் கிடந்த மரத்தை இழுத்தா அளந்தார்கள்?

பதில்: அசல் வில்லின் இன்றைய பலத்தை வைத்து முடிவு செய்யவில்லை. நீளம், தடிமன் எல்லாம் அளந்து கணினியில் கணக்கிட்டார்கள். அதே அளவில் யூ (yew) என்ற மரத்தில் நகல் செய்து இழுத்தும் பார்த்தார்கள். மேல் எல்லையில் நீங்கள் தாராளமாகச் சண்டை போடலாம். 100-க்குக் கீழே கொண்டுவருவது கஷ்டம்.

கேள்வி (டொரன்டோ): எலும்பு ஒட்டாதது பரம்பரையாகவும் இருக்கலாமே?

பதில்: இருக்கலாம். வில்லைத் தொடாதவர்களுக்கும் அது உண்டு, எனவே ஒரு எலும்பைக் காட்டி ‘இவன் வில்லாளி’ என்று சொல்ல முடியாது. ஒரே கப்பலில் இத்தனை பேருக்கு இருப்பதால்தான் வளரும் வயதின் வில் பழக்கத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள். உங்கள் வாதம் எது ஜெயித்தாலும், 34 வயதில் ஆரம்பிப்பவர் 100 பவுண்டுக்குத் தாவ அதில் இடமில்லை.

கேள்வி (சிங்கப்பூர்): பையனுக்கு 13 வயது. 40 பவுண்டு வாங்கித் தரலாமா? நல்ல உடல்வாகு.

பதில்: வேண்டாம். 15–18. எலும்பு முனைகள் இன்னும் ஒட்டாத வயது.

கேள்வி (சேலம்): காம்பவுண்ட் வில்லுக்கு (கப்பி வைத்த நவீன வில்) எந்த ரிலீஸ் (நாணை விடும் கருவி) நல்லது?

பதில்: அது என் துறை இல்லை. காம்பவுண்ட் பயிற்சியாளரைக் கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): நாண் முன்கையில் அடித்து நீலம் பாரித்துவிட்டது.

பதில்: முழங்கையின் குழிவு மேலே பார்த்தால் அடிக்கும், பக்கவாட்டில் திருப்புங்கள். நாணுக்கும் கைப்பிடிக்கும் இடைவெளி 6 அங்குலத்துக்குக் குறைந்தாலும் அடிக்கும். நாணை முறுக்கிச் சரிசெய்யுங்கள்.

கேள்வி (வேலூர்): 50 பவுண்டு வில், தோள் வலி. தைலம் போதுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எந்தத் தைலமும் பவுண்டைக் குறைக்காது.

கேள்வி (தஞ்சாவூர்): நாண் ஏற்றும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

பதில்: காலுக்கு நடுவே வில்லை விட்டு வளைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இடுப்பும் முறுகும், வில்லின் வளையும் பகுதியும் முறுகும். ஸ்டிரிங்கர் கயிறு வாங்குங்கள். இரண்டு முனையிலும் மாட்டி, கயிற்றின் நடுவில் மிதித்து, முதுகு நேராக இருக்க வில்லை மேலே தூக்கி, நாண் வளையத்தை நழுவவிட்டுப் பொருத்துங்கள். முகத்தை வில்லுக்கு நேராக வைக்காதீர்கள். எய்து முடித்ததும் அதே கயிற்றால் நாணை இறக்குங்கள்.