ஏலக்காய் ஸ்டோருக்கு ‘ஃபாக்’ பெட்டி வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஏலத்தோட்டம் வண்டன்மேடு பக்கம், குடியிருப்பு கம்பத்தில். ஸ்டோரில் (காய் உலர்த்தும் கட்டடம்) கரண்ட் டிரையர். சூட்டைப் போனில் பார்க்க சென்சார் போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் நெட் போனால் எல்லாம் நின்றுவிடுகிறது. ‘ஃபாக் கம்ப்யூட்டிங் சர்வர்’ வைத்தால் சரியாகும், 1,75,000 ரூபாய், வருடச் சந்தா தனி என்கிறார் ஒருவர். வாங்கலாமா? (கம்பம் வாசகர்)

பதில்: வேலைக்கு ஆகும் சங்கதிதான். அந்த விலைக்கு வேண்டாம்.

இப்போது உங்கள் சென்சார் சூட்டை அளந்து, எங்கோ இருக்கும் கிளவுட் கணினிக்கு அனுப்புகிறது. ‘ஹீட்டரை நிறுத்து’ என்று அது சொல்லி அனுப்ப வேண்டும். பத்தடி தள்ளி நிற்கும் ஹீட்டருக்குச் சேதி மலையிறங்கிப் போய் மலையேறி வருகிறது. ரோட்டைத் தோண்டுகிறவருக்குக் கேபிள் போடுகிறவர் சொல்வதில்லை, கேபிள்காரருக்கு ரோடுக்காரர் சொல்வதில்லை. அறுந்தால் உங்கள் காய் பாழ். அந்த முடிவை ஸ்டோருக்குள்ளேயே ஒரு சின்னக் கணினி எடுத்துக்கொண்டு, கணக்கை மட்டும் நெட் வந்ததும் மேலே அனுப்பினால் அதுதான் ஃபாக் கம்ப்யூட்டிங். சிஸ்கோ நிறுவனத்தார் 2012 வாக்கில் பரப்பிய பெயர். கிளவுட் என்றால் மேகம், ஃபாக் என்றால் மூடுபனி. மேகம் உயரத்தில், மூடுபனி தரையோடு. வண்டன்மேட்டுக்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ‘எட்ஜ் கம்ப்யூட்டிங்’ என்று வேறொருவர் வந்து சொன்னாலும் உங்கள் வேலைக்கு இரண்டும் ஒன்றே.

‘டேட்டா செலவு மிச்சம்’ என்பார்கள். நம்பாதீர்கள். 6 சென்சார், 10 விநாடிக்கு ஓர் அளவு என்றால் நாளைக்கு 51,840 அளவுகள். அத்தனையையும் அப்படியே அனுப்பினாலும் சில எம்பிதான்; பேத்தி பார்க்கும் ஒரு வீடியோவுக்குக் காணாது. நெட் இல்லாத நேரத்திலும் வேலை நடக்கிறது, அதற்காகத்தான் இது.

பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் உள்ளே ராஸ்பெர்ரி பை மாதிரி உள்ளங்கை அளவு கணினி போர்டுதான் இருக்கும். அதில் தப்பில்லை, அது போதும். கூடவே இரண்டு சாமான் இருக்கிறதா பாருங்கள். ஒன்று, பட்டன் பேட்டரி போட்ட கடிகாரச் சில்லு. ராஸ்பெர்ரி பை 4 வரையான போர்டுகளில் சொந்தக் கடிகாரம் கிடையாது; கரண்டும் நெட்டும் சேர்ந்து போய் வந்தால் நேரம் தப்பி, பதிவெல்லாம் குழம்பும். மற்றது, சின்ன யுபிஎஸ். கரண்ட் படக்கென்று போய்ப்போய் வந்தால் மெமரி கார்டு கெட்டுவிடும்.

இனி, விற்கிறவர் வாய் திறக்காத விஷயம். இந்த வேலைக்குப் பரவலாகப் போடுவது எஃகுக் குழாய்க்குள் வரும் டிஎஸ்18பி20 சென்சார். கரண்ட் வந்தவுடன், அளந்து முடிக்கும் முன்பே படித்தால் 85 டிகிரி என்று காட்டும். அது ஸ்டோரின் சூடு அல்ல, சென்சாரிலேயே பதிந்திருக்கும் தொடக்க எண். புரோகிராம் எழுதியவருக்கு அது தெரியாவிட்டால் நடுராத்திரியில் ஹீட்டர் அணைந்துவிடும். ஈரக்காய் அப்படியே கிடக்கும். கம்பி விட்டுப்போனால் இன்னும் மோசம்: சில மென்பொருள் மைனஸ் 127 டிகிரி என்று சொல்லும். ‘ஐயோ, குளிர்கிறதே’ என்று கணினி ஹீட்டரை விடாமல் எரிக்கும். 50 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டிய சூடு எகிறி, காயின் பச்சை வெளுத்தால் புற்றடியில் நடக்கும் ஏல விற்பனையில் யார் விலை கேட்பார்?

அதனால் ஒரே ஒரு வேலையை மட்டும் எந்தக் கணினியிடமும் கொடுக்காதீர்கள்: கடைசிக் கட்ட சூடு தடுப்பு. ஹீட்டருக்குக் கரண்டைச் சேர்த்து விடும் பெரிய சுவிட்சுக்குப் பெயர் கான்டாக்டர். அதை இயக்கும் கம்பிச்சுருளுக்குப் போகும் லைன், தனியாக ஒரு தெர்மோஸ்டாட் (சூடு மிஞ்சினால் தானே கரண்டை அறுப்பது), மென்பொருளே இல்லாத வகை, அதன் வழியாகவே போக வேண்டும். ‘எல்லாம் எங்கள் சர்வரே பார்த்துக்கொள்ளும்’ என்றாலும் வேண்டும். நல்ல கம்பெனி சாமான் என்றாலும் வேண்டும். ஆள் காவலுக்குப் படுத்திருந்தாலும் வேண்டும், ஆளும் தூங்குவார்.

எஸ்எம்எஸ் எச்சரிக்கைக்கு வைக்கும், சிம் போடும் மலிவான மாட்யூல்கள் பல 2ஜி மட்டுமே எடுக்கும். ஜியோவில் 2ஜி கிடையாது, அந்த சிம் வேலைக்காகாது. டவரே படுத்துவிட்டால் எந்த சிம்மும் உதவாது என்பதால் ஸ்டோரிலேயே ஒரு சைரன் மாட்டுங்கள்.

பணம் கொடுக்கும் முன், அவரை ஸ்டோருக்கே வரவழைத்து ரவுட்டர் கேபிளை நீங்களே பிடுங்குங்கள். சென்சாரை வெந்நீர் டம்ளரில் விடுங்கள். கான்டாக்டர் டக்கென்று விட வேண்டும், சைரன் கத்த வேண்டும். பிறகு சென்சார் கம்பியைக் கழற்றுங்கள். அப்போதும் ஹீட்டர் நிற்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துக் கேபிளைச் செருகினால் அந்த இரண்டு மணி நேரக் கணக்கும் போனில் நிரம்ப வேண்டும். ‘ஆபீஸில் டெமோ காட்டுகிறேன்’ என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சந்தா கட்டாவிட்டால் பெட்டி நின்றுவிடுமா என்று கேளுங்கள். நின்றுவிடும் என்றால் அது ஃபாக்கே இல்லை, பழைய கிளவுட்டுக்குப் புதுச் சட்டை. அட்மின் பாஸ்வேர்டை விற்கிறவர் தன்னிடமே வைத்துக்கொள்வது இந்தத் தொழிலின் பழைய வித்தை. நாளைக்கு ஒரு சென்சார் மாற்றவும் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். பாஸ்வேர்டு, வயரிங் படம், ஜிஎஸ்டி பில் மூன்றும் கைக்கு வரும் வரை கடைசித் தவணையைப் பிடித்து வையுங்கள்.