மரத்தண்டு வீடு கடுங்குளிரில் கதகதப்பாக இருக்குமா?

தடித்த மரத்தண்டுகளை அடுக்கிக் கட்டிய வீடு குளிரைத் தாங்குமா, அதை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும், ஆனால் மரத்தின் தடிமனை மட்டும் நம்பக் கூடாது. பைன் மரம், கல் அல்லது கண்ணாடி இழைகளாலான வெப்பக்காப்புப் பொருளான கனிமக் கம்பளியைக் காட்டிலும் ஏறத்தாழ 3 மடங்கு வெப்பத்தைக் கடத்துவதால், கூரைக்கும் தரைக்கும் தாராளமாக வெப்பக்காப்பு இட வேண்டும்.

அதைவிடப் பெரிய எதிரி காற்றுக் கசிவு. பச்சை மரம் உலர உலரக் குறுக்குவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் பெரும்பாலும் சுருங்காது. ஆகவே கிடையாக அடுக்கிய சுவர் சில ஆண்டுகளில் பல சென்டிமீட்டர் தாழும், நிமிர்ந்து நிற்கும் சன்னல் சட்டமோ தாழாது. சட்டத்துக்கு மேல் இடைவெளி விட்டு, அமுங்கக்கூடிய கம்பளியைத் திணித்துப் பலகையால் மறைக்காவிட்டால், சுவரின் பாரம் சட்டத்தின் மேல் இறங்கிக் கதவுகள் இறுகுவதோடு, இருபுறமும் மேல்வரிசைத் தண்டுகளுக்கு இடையே பிளவு விழும். தயவுசெய்து இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

காற்றடிக்கும் குளிர்நாளில் ஊதுபத்தியை மூலைப் பொருத்துகளின் அருகே மெல்ல நகர்த்துங்கள். புகை சாயும் இடத்தை, விறைத்து வெடிக்கும் சிமெண்ட் சாந்தால் அல்லாமல், மரத்தோடு சேர்ந்து இழுபடும் நெகிழ்வான அடைப்புப் பசையால் மூடுங்கள். வெளிப்புறத்தில் மேல்நோக்கித் திறந்த வெடிப்புகளில் மழையும் உருகிய பனியும் தேங்கி மரத்தை உளுக்கச் செய்யும் என்பதால், அவற்றை ஆண்டுதோறும் பார்த்து அடைக்க வேண்டும். அகன்ற கூரை இறவாரம் இருந்தால் இந்த வேலை வெகுவாகக் குறையும்.