செஸ்டர் ஆர்தர் என்ற அமெரிக்க ஜனாதிபதி ஏன் நினைவில் வைக்கத் தக்கவர்?

அமெரிக்காவின் 21ஆவது ஜனாதிபதியான செஸ்டர் ஆலன் ஆர்தர், 1829இல் வெர்மான்ட் மாநிலத்தில் பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நியூயார்க்கில் இளம் வழக்கறிஞராக இருந்தபோது, கறுப்பினத்தவர் என்பதற்காகக் குதிரை டிராமிலிருந்து வலுக்கட்டாயமாக இறக்கிவிடப்பட்ட எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற ஆசிரியைக்காக வாதாடி, 1855இல் வென்றார்.

ஆனால் அவர் உயர்ந்தது கட்சி விசுவாசத்தால்தான். 1871இல் நியூயார்க் துறைமுகச் சுங்க வசூல் அதிகாரியாக நியமிக்கப்பட்டார். கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுத்து, அவர்களின் சம்பளத்திலிருந்தே கட்சிக்கு நிதி திரட்டும் ஏற்பாட்டின் மையம் அந்த அலுவலகம். ஜனாதிபதி ஹேய்ஸ் 1878இல் அவரை நீக்கினார்.

1880இல் துணை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர்தர், அரசுப் பதவி கிடைக்காத சார்லஸ் கிட்டோ என்பவனால் 1881 ஜூலையில் சுடப்பட்ட ஜனாதிபதி கார்ஃபீல்டு செப்டம்பரில் இறந்ததும், நாடே ஐயத்துடன் பார்க்கப் பதவியேற்றார். முன்பின் அறியாத ஜூலியா சாண்ட் என்ற பெண், நேர்மையாக ஆளும்படி அவருக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். 1882இல் ஆர்தர் அவர் வீட்டுக்கே சென்று பார்த்தார். அதிகாரத்தில் இருந்த ஒருவர் இப்படிச் செவிசாய்த்தது என்னை மிகவும் கவர்ந்த செய்தி.

1883இல் அவர் கையெழுத்திட்ட பெண்டில்டன் சட்டம், அரசுப் பணிகளில் ஒரு பகுதியைத் தேர்வு அடிப்படையில் நிரப்ப வழிசெய்ததோடு, ஊழியர்களிடம் கட்சி நிதி கறப்பதையும் தடுத்தது. அதே கை, சீனத் தொழிலாளர் வருகையை 20 ஆண்டு தடுக்கும் மசோதாவை முதலில் நிராகரித்துவிட்டு, 1882இலேயே பத்தாண்டுத் தடைக்கு ஒப்புதல் அளித்தது. அந்த அநீதியை மறைக்க முடியாது. சிறுநீரக நோயை மறைத்தே ஆட்சி நடத்திய அவர், 1886இல் காலமானார்.